ஹைட்டி: 234 தாள்களில் மாறிய தேர்தல்

கிருஷ்ணகிரி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானதில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். மாங்காய் சீசன் முடிந்தது. பெங்களூரா ரகத்துக்குக் கிடைத்த விலை பறிப்புக் கூலிக்கே சரியாகப் போயிற்று.

ஏழை நாட்டுத் தேர்தலில் வெளிநாடு கைவைப்பது என்றால் ராணுவப் புரட்சிதானே என்று கேட்டிருந்தாய். அதுவும் உண்டு. கரீபியன் தீவு நாடான ஹைட்டியில் 1990 டிசம்பர் அதிபர் தேர்தலில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வாங்கி ஜெயித்த அரிஸ்டிடை அடுத்த செப்டம்பரிலேயே ராணுவம் விரட்டியது. 2004-ல் அவரை நாட்டை விட்டு ஏற்றிச் சென்றது அமெரிக்க விமானம். ஆனால் பூத்தில் வேலை பார்த்த நீ கவனிக்க வேண்டியது 2010 அதிபர் தேர்தலை. அதில் துப்பாக்கிக்கு வேலையே இல்லை.

நம்மூரில் வாக்குப்பதிவு முடிந்ததும் பதிவான வாக்குக் கணக்கை எழுதும் 17சி படிவத்தின் நகலை ஏஜென்டுகளிடம் கொடுத்து விடுவாய். அங்கே சாவடியிலேயே கையால் எண்ணி, முடிவை ஒரு தாளில் எழுதி, தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் உள்ள தொகுப்பு மையத்துக்கு அனுப்புவார்கள். அந்த ஆண்டு ஜனவரி நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்கள் கூடாரத்தில் இருந்தார்கள். பலருக்குப் பட்டியலில் பெயர் தேடுவதே பெரும்பாடு. அரிஸ்டிடின் லாவலாஸ் கட்சியைப் போட்டியிடவே விடவில்லை. சுமார் 11,000 தாள்களில் ஆயிரத்துக்கு மேல் மையத்துக்கு வரவில்லை, அல்லது ஒதுக்கி வைக்கப்பட்டன.

முதலில் வந்த முடிவில் எதிர்க்கட்சி வேட்பாளர் மனிகா 31 சதவீதம், ஆளுங்கட்சியின் செலஸ்டின் 22.5, பாடகர் மார்டெல்லி 21.8. முதல் இருவருக்குத்தான் இரண்டாம் சுற்று. தெருவில் கலவரம் வெடித்தது. வட, தென் அமெரிக்கக் கண்டங்களின் நாடுகள் சேர்ந்த அமெரிக்க நாடுகள் அமைப்பு ஒரு நிபுணர் குழுவை அனுப்பியது. அதில் பெரும்பாலோர் அமெரிக்கா, கனடா, பிரான்ஸ்காரர்கள். அவர்கள் பார்த்தது 919 தாள்கள். 234-ஐத் தள்ளினார்கள். மார்டெல்லி 22.2, செலஸ்டின் 21.9 என்று வரிசை மாறியது.

செலஸ்டின் தரப்பில் முறைகேடே இல்லை என்று நான் சொல்லவில்லை, இருந்தது. ஆனால் ஆயிரம் தாள் கணக்கிலேயே இல்லாதபோது 0.3 சதவீத வித்தியாசத்தை வைத்து இரண்டாவது யார் என்று எப்படித் தீர்ப்பது? எல்லாத் தாளையும் மறுபடி எண்ணவும் இல்லை, மறுதேர்தலும் இல்லை. எனக்கு ஆறாத இடம் இதுதான்.

ஹைட்டி அரசு தயங்கியது. அதிகாரிகள் சிலரின் அமெரிக்க விசா ரத்தானது. குழுவின் பரிந்துரையை ஏற்காவிட்டால் ஆதரவு தொடராது என்ற சமிக்ஞை ஐ.நா. பாதுகாப்பு அவை வரை கேட்டது. 2011 ஜனவரி கடைசியில் அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளின்டன் நேரிலேயே போனார். தேர்தல் செலவுக்கும் இடிந்த ஊரைக் கட்டவும் வெளிநாட்டுப் பணத்தையே நம்பியிருந்த நாடு என்ன செய்யும்? பிப்ரவரி 3-ஆம் தேதி இரண்டாம் சுற்றுப் பட்டியலிலிருந்து செலஸ்டின் பெயர் போய்விட்டது. மார்ச்சில் மார்டெல்லி ஜெயித்தார். ஓட்டுப் போட வந்தவர்கள் நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

வாசகர் வட்டத்தில் இதைப் பேசுவதானால் முடிவுத் தாளிலிருந்து தொடங்கு. அது எங்கே எழுதப்படுகிறது, நகல் யாரிடம் இருக்கிறது, தொலைந்தால் என்ன விதி என்று படிப்படியாகச் சொல். அரிசி இறக்குமதி வரியை 1995-ல் 3 சதவீதமாகக் குறைக்க வைத்து ஹைட்டியின் நெல் விவசாயத்தை நொறுக்கிய கதையை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்