கனடாவின் சஸ்காச்சுவானிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. வேலை அதிகம் என்று சொன்னால் அம்மா நம்பிவிடுவாள், நீங்கள் நம்பமாட்டீர்கள். நலமாகத்தான் இருக்கிறேன். சோறு வடித்துத்தான் சாப்பிடுகிறேன். குளிர் மைனஸ் 30ஐத் தாண்டிவிட்டது.

பக்கத்து வீட்டுக் கிழவரைப் பற்றிப் போனில் சொன்னேன் அல்லவா? ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய கொட்டகைக்குப் போய்விடுகிறேன். கயோட்டி என்று ஒன்று இங்கே உண்டு. நம் ஊர் நரிக்கு அண்ணன், ஓநாய்க்குத் தம்பி. உரிமம் வாங்கிப் பொறிவைத்துப் பிடிக்கிறார். உரிக்கும்போது வயிற்றைக் கிழிப்பதில்லை. பின்னங்கால்களுக்கு இடையே ஒரே கீறல். தலைகீழாகத் தொங்கவிட்டு மூக்குவரை முழுத்தோலாக உருவிவிடுகிறார். வால் எலும்பை இழுத்தெடுத்து, வாலையும் நீளவாக்கில் கீறிவிட வேண்டும். இல்லையென்றால் அழுகி முடி கொட்டிவிடும். பிறகு பலகையில் மாட்டிக் காயவைக்கிறார். முதலில் முடி உள்பக்கம், பாதி காய்ந்ததும் முடி வெளிப்பக்கம்.

கொழுப்புச் சுரண்டும் வேலை என்னுடையது. கத்தியைச் சாய்த்துப் பிடிக்காவிட்டால் தோல் ஓட்டையாகிவிடும் என்று நீங்கள் திட்டியதெல்லாம் இங்கே உதவுகிறது.

2009 நவம்பரில் இந்த மாகாண அரசு ஒரு கயோட்டியைக் கொன்றால் 20 டாலர் வெகுமதி என்று அறிவித்தது. நான்கு பாதங்களைக் காட்டினால் போதும். அந்த ஒரு குளிர்காலத்தில் 70,000க்கு மேல் கொன்றுவிட்டார்கள். பாதத்தை மட்டும் அறுத்துக்கொண்டு உடலை வயலில் போட்டுப் போனவர்களைக் கிழவர் இன்னும் திட்டுகிறார். தோலை எடுக்க மனமில்லாதவன் சுடக்கூடாது என்பது அவர் கட்சி. ரோமம் அடர்த்தியாக இருக்கும் நடுக்குளிர் மாதங்கள் தவிர மற்ற நாளில் பொறி வைப்பதில்லை. குளிரங்கிக் கம்பெனிகள் ரோமத்தைக் கைவிட ஆரம்பித்துவிட்டன. கனடா கூஸ் என்ற கம்பெனி 2021லேயே அறிவித்துவிட்டது. அவர் மட்டும் விடுவதாக இல்லை.

எனக்கு முழுச் சம்மதமில்லை அப்பா. ஆம்பூரில் நம் கைக்கு வந்தது கறிக்கு அறுத்த ஆட்டின் தோல். இங்கே கறியை யாரும் தின்பதில்லை, தோலுக்காகவே உயிர் போகிறது. ஆனாலும் சுட்டுவிட்டு எறிந்துபோகிறவனை நினைத்தால் கிழவர் எவ்வளவோ மேல். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

போன வாரம் ஈரத்தோல் வாடை அடித்ததும் பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஷாப்பும் ஆவாரம்பட்டைத் தொட்டியும் நினைவுக்கு வந்துவிட்டன. கத்தியை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். இந்தக் குளிரில் அதிக நேரம் நிற்க முடியாது.

இந்த மாதம் பணம் சற்றுத் தள்ளி வரும். வேலையில் ஷிப்டு மாறியிருக்கிறது, வேறொன்றுமில்லை. மேட்டுத்தெரு வீட்டுக்குச் சித்தப்பா கையெழுத்துப் போட்டாரா? பத்திரம் கைக்கு வராமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். செல்வியின் வளைகாப்புச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். வாணியம்பாடி அத்தையிடம் கைமாற்று வாங்க வேண்டாம், வாங்கினால் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாள். அம்மாவின் கண் ஆபரேஷனைப் பொங்கலுக்கு அப்புறம் என்று தள்ளிப்போடாதீர்கள். தேதி குறித்ததும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்