வரும் புதன் திருநீற்றுப் புதன்

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துத் தந்த ஓலைச் சிலுவை இன்னும் வீட்டில் சுரூபத்துக்குப் பின்னால் இருக்கும்தானே, அதை இந்த ஞாயிறு பூசைக்கு மறக்காமல் கொண்டு வாருங்கள். அதை எரித்த சாம்பலைத்தான் புதனன்று நம் நெற்றியில் பூசுவார்கள்.

அன்று முதல் உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின நாளான பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள் வருகிறதே, பிறகு ஏன் 40 நாள் தவக்காலம் என்று பிள்ளைகள் கேட்டார்கள், நல்ல கேள்வி. இயேசு பாலைவனத்தில் நோன்பிருந்தது 40 நாள். ஞாயிறு ஒவ்வொன்றும் உயிர்ப்பின் நாள் என்பதால் இடையில் வரும் ஆறு ஞாயிறுகளையும் நோன்புக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்புறம், புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு), சுத்தபோசனம் (இறைச்சி இல்லாத சாப்பாடு). ஒருசந்தி 18 முதல் 59 வயது வரைதான். கர்ப்பிணிகளும் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களும் தயவுசெய்து வயிற்றைக் காயப்போடாதீர்கள்.