அக்கானி (பதநீர்) காய்ச்சும் வீட்டுக்கு ஒரு நன்றி மடல்

பாட்டாவுக்கும் அண்ணனுக்கும் மைனிக்கும் பிள்ளைகளுக்கும், இந்த விளையில் உள்ள எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

இந்தச் சபைக்கு ஊழியத்துக்கு வந்த நாங்கள் மூவரும் திங்கட்கிழமை நாகர்கோவிலில் ரயிலேறுகிறோம். ஆராதனை முடிவில் நன்றி சொல்ல ஐந்து நிமிடம் தருவார்கள். உங்கள் வீட்டுக்கு அது பற்றாது என்பதால் இந்த மடல்.

முதலில் பிடியரிசி, அதாவது சமைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று எடுத்துவைக்கும் ஒரு பிடி அரிசி. மைனி உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்பே ஒரு பிடி எடுத்துப் பழைய பால்பவுடர் டப்பாவில் போட்டு மூடிவிடுவார். களைந்தபின் எடுத்தால் ஈரத்தில் அரிசி கட்டிப்பட்டுப் புழுத்துப்போகும். ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம். இரண்டு வேளை உலைக்கு வாரம் 700 கிராம், மாதம் 3 கிலோ. மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா கார்டுக்கு ரேஷனில் மாதம் கிடைப்பதே 35 கிலோதான், அதில்தான் வீட்டில் எல்லார் வயிறும் நிறைய வேண்டும். அன்றைய சோறு போதுமா என்று தெரியுமுன்பே எடுத்துவிடுகிற பிடி அது. ஞாயிறுதோறும் டப்பாவைக் காலி செய்துவிடுவதும் மைனியின் கணக்கு. மாதக் கடைசிவரை வைத்தால் வண்டு விழும், கோயில் ஏலத்தில் யாரும் கேட்கமாட்டார்கள்.

அண்ணனின் வேலை இதைவிடக் கடினம். அக்கானி வடியும் பனம்பாளையை ஒரு நாள் சீவாமல் விட்டால் நுனி காய்ந்து வடிகிறது நின்றுபோகும். பனைக்கு ஞாயிறு தெரியாது. அதனால் ஞாயிறும் விடியுமுன் ஏறி, இறக்கியதை வீட்டில் சேர்த்துவிட்டு, குளித்து, ஆராதனைக்கு வந்து பின்வரிசையில் உட்காருவார். ஓய்வுநாளில் மரமேறலாமா என்று கேட்பவர்கள், பனையேற மிதிக்கும் முருக்குத்தடியை ஒரு தடவை பனையில் சாத்திப் பார்க்கட்டும்.

கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுவது பாட்டா. அந்த வேலையை அவர் இன்னும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை, விடவும் கூடாது. சுண்ணாம்பு குறைந்தால் வெயில் ஏறுமுன் அக்கானி புளிக்கும். புளித்ததை எவ்வளவு காய்ச்சினாலும் உறையாது, பாகாகவே நிற்கும். கூடினாலோ கருப்பட்டி கறுத்து நாக்கை அரிக்கும். எட்டுப் பத்து லிட்டர் காய்ச்சினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி என்பதால், ஒரு கலயம் கெட்டாலும் அன்றைய விறகுக் காசுகூடத் தேறாது.

குடும்ப ஜெபம் நடப்பதும் அந்த அடுப்படியில்தான். பிள்ளைகள் 121ஆம் சங்கீதம் வாசிப்பார்கள். நுரை பொங்கினால் இடித்த ஆமணக்கு முத்து கொஞ்சம் தூவ வேண்டும். பாகைப் பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலில் உருட்டிப் பார்க்க வேண்டும், உருண்டால் உடனே இறக்க வேண்டும். ஆகவே எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது மைனி மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே ஆமென் சொல்வார். பருவத்தின் முதல் சிரட்டைக் கருப்பட்டி, கோயிலில் நடக்கும் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்துக்கு. விலை பேசி வந்த வியாபாரியிடமும் அதை மட்டும் கொடுப்பதில்லை.

1806இல் இந்த மாவட்டத்து மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே 1816இல் புறப்பட்டபோது, சபையைப் பார்த்துக்கொண்டது உள்ளூர்க்காரரான மகராசன் வேதமாணிக்கம். இந்த மாவட்டத்தில் ஊழியக்காரர்கள் வந்துபோகிறவர்கள்தான். விளக்கேற்றி வைத்திருப்பது உங்களைப் போன்ற வீடுகள்.

கோயில் சாவியைக் காத்த உபதேசியாருக்கும், மழையில் பாதையில் கல் பரப்பிய இளைஞர்களுக்கும், கிணற்றுத் தண்ணீர் தந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நன்றி.

அடுத்து வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பங்குனி, சித்திரையில் காலைநேரம் இந்த வீட்டுக்கு விசாரிக்கப் போகாதீர்கள். அடுப்பில் பாகு இருக்கும், வந்தவரை உட்கார வைக்க எழுந்தால் அடிப்பிடித்துவிடும். சாயங்காலம் போங்கள், கையில் எதுவும் கொண்டுபோக வேண்டாம். கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் அடுத்த வாரம் அதே அளவுக்குத் திருப்பி அனுப்ப எங்காவது கடன் வாங்குவார்கள்.

மைனி, வழிக்குக் கொடுத்த கருப்பட்டியை நீங்கள் சொன்னபடியே பிளாஸ்டிக்கில் போடாமல் பனையோலையில் பொதிந்து, பெட்டியின் மேலே வைத்திருக்கிறோம். பால்பவுடர் டப்பா ஒன்று இங்கே இருந்தது, கழுவிக் காயவைத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தாயிற்று. மூடி கொஞ்சம் இறுக்கம், தட்டித் திறக்கவும்.

கர்த்தருக்குள்,
ஊழியர்கள் மூவர்