வாசித்தவர் பெயரைப் போடுங்கள்: ஜமைக்காவின் பழைய இசைப்பதிவுகளை மறுவெளியீடு செய்யும் நிறுவனங்களுக்கு

மதிப்புக்குரியீர்,

வணக்கம். அறுபதுகளின் கிங்ஸ்டன் பதிவுகள் அடங்கிய இசைத்தட்டு ஒன்றைச் சென்ற வாரம் வாங்கினேன். கெட்டியான உறை, அழகான படங்கள். பழைய ஒலியைத் துலக்கிய பொறியாளரின் பெயர்கூட இருக்கிறது. பேஸ் கிட்டார் யார், டிரம்ஸ் யார் என்று முன்னும் பின்னும் புரட்டினேன். ஒரு வரி இல்லை.

'ரியல் ராக்' என்ற வாத்திய இசைப்பதிவு உங்களுக்குத் தெரியாததல்ல. கிங்ஸ்டனின் ஸ்டுடியோ ஒன் பதிவுக்கூடத்தின் சொந்த வாத்தியக் குழுவான சவுண்ட் டைமென்ஷன் வாசித்தது. அதன்மேல் வில்லி வில்லியம்ஸ் பாடினார். அந்தப் பாட்டை 1979இல் லண்டனின் கிளாஷ் குழு எடுத்துப் பாடியது. இன்றுவரை எத்தனையோ பேர் அதே பேஸ் நடையில் பாடிவிட்டார்கள். பாடியவருக்குப் பெயர் உண்டு, தயாரிப்பாளருக்குப் பெயர் உண்டு. அந்த நடையை வாசித்த விரல்களுக்குரியவரோ 'குழு' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துபோனார்.

அன்று பெரும்பாலும் வாசித்த கையோடு கூலி, அத்துடன் கணக்கு முடிந்தது. உரிமைத்தொகையும் இல்லை, எழுத்தும் இல்லை. பின்னாளில் அவரோ பிள்ளைகளோ வந்து கேட்டால் எதைக் காட்டுவார்கள்? ரெகே பாடகர் பாப் மார்லியோடு பேஸ் கிட்டார் வாசித்த ஆஸ்டன் பாரெட்டை உலகமே அறியும். அவரே உரிமைத்தொகை கேட்டு லண்டன் உயர் நீதிமன்றம் போய், 2006இல் தோற்றார். பெயர் அச்சானவருக்கே அந்த நிலை என்றால், அச்சாகாதவர் எந்தப் படி ஏறுவார்? பெயரைப் போடுங்கள் என்று நான் கேட்பது இதற்காகத்தான்.

2018இல் யுனெஸ்கோ ஜமைக்காவின் ரெகே இசையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது. மகிழ்ந்தேன். மரபு என்று கொண்டாடுகிறோம். அதை உண்டாக்கியவர் யார் என்று உறையில் ஒரு வரி எழுத ஏன் மனம் வரவில்லை?

ரெகேக்கு முந்திய ஸ்கட்டலைட்ஸ் குழு 1964இல் தொடங்கி மறு ஆண்டே கலைந்தது. ஆனாலும் அவர்கள் பதிவில் டிராம்போன் என்ற ஊதுகருவி எழும்போது, அதை வாசித்த "டான் டிரம்மண்ட்" பெயரை வாய் தானாகச் சொல்கிறது. பெயர் தெரிந்தால் காது இன்னும் நெருங்கிப் போய்க் கேட்கிறது.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவுகளில் வாசித்தவர்கள் சிலர், எண்பதை நெருங்கியும் கடந்தும், இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள். ஒரே வாசிப்புக்கு இருவர் உரிமை கோரினால் இருவர் பெயரையும் போடுங்கள். அடுத்த அச்சிலேயே தொடங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் இசைத்தட்டுகளைக் காசு கொடுத்து வாங்கும் ஒருவன்