மாமியின் கிணற்றுக்கு 19 அடி

உரும்பிராய்
ஆவணி 12

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். எங்கள் வளவில் நீ கட்டப்போகிற வீட்டின் பிளான் படம் கிடைத்தது. வட்ஸ்அப்பில் பதில் போட்டால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய் என்பதால்தான் கடிதம். மேசன் அத்திவாரத்துக்குக் கயிறு பிடிக்க முன்னம் நீ இதை முழுதாக வாசிக்க வேணும்.

படம் வந்த அதே கிழமைதான் நீ கூட்டத்தில் பேசின பேச்சும் வந்தது, எங்கள் வலிகாமப் பகுதிக் கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று கூடுவதைப் பற்றி. உரத்திலும் கழிவிலும் இருக்கிற நைதரசன் மண்ணில் மாறித் தண்ணீரில் கரைவதுதான் இந்த நைத்திரேற்று. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அள்ளிக் கொட்டுகிற யூரியாவைச் சொன்னாய். சரிதான், அது பெரிய காரணம். மலக்குழியைப் பற்றியும் ஒரு வரி சொன்னாய். ஆனால் உன் படத்தில் வடமேற்கு மூலையில் ஒரு வட்டம் போட்டு ‘சோக்கேஜ் பிற்’ என்று எழுதியிருக்கிறது. அந்த வட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்த வட்டம் என்னவென்று சொல்கிறேன். 10 அடி ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி, கொங்கிறீட் வளையம் ஐந்தை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, மேலே மூடி. அடியில் சீமெந்து இல்லை. கக்கூஸ் பைப் நேரே அதற்குள் விழும். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இருப்பது இதுதான். ‘இருபது வருசமாய் ஒருக்காலும் நிரம்பேல்லை’ என்று ஆட்கள் பெருமையாகச் சொல்லுவினம். நிரம்பவில்லை என்றால் அவ்வளவும் எங்கே போனது என்று ஒருவரும் கேட்பதில்லை. அடியில் இருப்பது சுண்ணக்கல். வெடிப்பும் பொந்துமான கல். அதற்குள் இறங்கினது மண்ணில் வடிபடாமல் நேரே தண்ணீரில் போய்ச் சேரும்.

நீ கணக்கு விரும்புகிற பிள்ளை, ஒரு கணக்குப் பார். ஒரு ஆள் வருசத்துக்குச் சுமார் மூன்றரைக் கிலோ நைதரசனை உடம்பிலிருந்து வெளியே விடுகிறார், பெரும்பகுதி சிறுநீரில். வீட்டில் ஐந்து பேர் என்றால் 17 கிலோவுக்கு மேல். யூரியாவில் நைதரசன் நூற்றுக்கு 46 பங்கு. ஆகவே ஐந்து பேரின் குழி வருசத்துக்கு 38 கிலோ யூரியாவுக்குச் சமன். 50 கிலோ மூட்டையில் முக்கால் மூட்டை. தோட்டக்காரன் போடுகிற யூரியாவில் ஒரு பங்கையாவது பயிர் உறிஞ்சும். 10 அடிக்குக் கீழே போடுகிற யூரியாவை எந்த வேர் எடுக்கும்?

இனி அந்த வட்டம் இருக்கிற இடம். உன் பிளான் கீறினவர் கெட்டிக்காரர், வடகிழக்கில் இருக்கிற எங்கள் கிணற்றிலிருந்து குழிக்கு 61 அடி விட்டிருக்கிறார். 50 அடி விட்டால் போதும் என்றுதான் எல்லாரும் சொல்லுவினம், படமும் பாஸாகிவிடும். ஆனால் அவர் எங்கள் வேலியோடு உலகம் முடிந்தது என்று நினைத்துவிட்டார். மேற்கு வேலிக்கு அப்பால் மாமியின் கிணறு இருக்கிறது. நாடா பிடித்து அளந்தேன், குழியிலிருந்து 19 அடி. தன் கிணற்றிலிருந்து தூரமாகக் கொண்டுபோய் அயலவரின் கிணற்றடியில் குழி வெட்டுவது யாழ்ப்பாணத்தில் புதிதல்ல. இரண்டு பரப்புக் காணி என்றால் ஒரு பக்கம் 74 அடிதான் வரும். நாலு பக்கமும் வீடு, வீட்டுக்கு ஒரு கிணறு. எல்லாக் கிணற்றுக்கும் 50 அடி விட்டு ஒரு குழி வெட்ட இடம் தேடினால் சிரிப்புத்தான் வரும். அந்த 50 அடியும் மண்ணில் வடிந்து போகிற தண்ணீருக்கான கணக்கு. கல்லின் வெடிப்புக்கு அடிக்கணக்குத் தெரியாது.

ஆழத்திலும் ஒரு பிழை இருக்கிறது. அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மேசன் ஆவணியில் வெட்டுவார், கிடங்கு காய்ந்திருக்கும், ‘தண்ணியே இல்லை ஐயா’ என்பார். நீ வரும்போது கிணற்றுக் கட்டில் குனிந்து உள்சுவரைப் பார். இப்போது தண்ணீர் கீழே கிடக்கும். அதற்கு மேலே, தரையிலிருந்து 7 அடி ஆழத்தில், சுவரைச் சுற்றிக் கறுத்த பாசிக் கோடு ஒன்று ஓடும். அதற்குக் கீழே கல் கறுப்பு, மேலே வெள்ளை. மார்கழியில் தண்ணீர் ஏறி நின்ற மட்டம் அது. குழியின் அடி அந்தக் கோட்டுக்குக் குறைந்தது 4 அடி மேலே நிற்க வேணும், அதாவது தரையிலிருந்து 3 அடிக்கு மேல் வெட்டக்கூடாது. உன் குழி 10 அடி. மாரி வந்தால் குழியின் அடி 3 அடி தண்ணீருக்குள் நிற்கும். குழியும் கிணறும் ஒரே தண்ணீரைத்தான் பங்குபோடும்.

ஆகவே குழி வேண்டாம். என்ன செய்யலாம் என்று சொல்கிறேன், உன் பிளான்காரருக்கு அப்படியே அனுப்பு.

முதலில் அடி மூடின தாங்கி. உள்ளளவு 6 அடி நீளம், 3 அடி அகலம், தண்ணீர் நிற்கிற ஆழம் 4 அடி. கிட்டத்தட்ட 2,000 லீற்றர். ஐந்து பேரின் கக்கூஸ் தண்ணீருக்கு மட்டும் இது காணும், குளிக்கிற தண்ணீரும் குசினித் தண்ணீரும் இதற்குள் வரக்கூடாது. நடுவில் ஒரு சுவர் வைத்து முதல் அறையை 4 அடியும் இரண்டாவதை 2 அடியுமாகப் பிரிக்க வேணும். சுவரின் நடு ஆழத்தில் ஓட்டை விட்டால் மேலே மிதக்கிறதும் அடியில் படிகிறதும் முதல் அறையிலேயே நிற்கும். வருகிற பைப்பை விடப் போகிற பைப் 3 அங்குலம் பதிந்திருக்க வேணும், இரண்டு முனையிலும் ‘ரீ’ (T வடிவப் பைப் மூட்டு) போட்டு வாயைத் தண்ணீருக்குள் இறக்க வேணும். இந்த ‘ரீ’யைத்தான் மேசன்மார் மிச்சம் பிடிப்பினம். பிறகு மிதக்கிற கழிவு வெளியே போய்ப் பைப்பை அடைக்கும்.

அடியில் 4 அங்குலக் கொங்கிறீட், உள்பூச்சு சீமெந்து ஒன்றுக்கு மணல் மூன்று, சுவரும் தரையும் சேருகிற மூலைகளை வளைத்துப் பூச வேணும். மண் மூட முன்னம் ஒரு சோதனை. போகிற பைப்பின் மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விடு, சீமெந்து குடிக்கிறதைக் குடிக்கட்டும். திரும்ப நிரப்பிக் கோடு போட்டு மூடிவை, அடுத்த நாள் பார். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. இந்தச் சோதனை முடிய முன்னம் மேசனுக்குக் கடைசிக் காசு கொடுக்காதே. மூடின தாங்கி நிரம்பும், அதுதான் அதன் வேலை. மூன்று வருசத்துக்கு ஒருக்கால் கழிவை உறிஞ்சி எடுக்கிற பவுசர் பிடிக்க வேணும். பவுசர்காரர் எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறார் என்றும் கேள். பேச்சில் கேட்கிற மாதிரிக் காசு கொடுக்கும்போதும் கேள்.

தாங்கி கட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்காதே. அது கழிவைப் படியவிடுமே தவிர நைதரசனைப் பிடித்துவைக்காது, தெளிந்த தண்ணீரோடு அது வெளியே வரும். அதை ஆழத்துக்கு அனுப்பாமல் வேர் எட்டுகிற மட்டத்தில் பரப்ப வேணும். 30 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழத்தில் இரண்டு வாய்க்கால் வெட்டி, அடியில் ஒரு அடிக்கு முக்கால் அங்குலக் கல் போட்டு, அதற்குள் ஓட்டை போட்ட 4 அங்குலப் பைப். இந்தப் பைப் மட்டமாகக் கிடக்க வேணும், சரித்துப் போட்டால் எல்லாத் தண்ணீரும் கடைசி முனையில்தான் நிற்கும். கல்லுக்கு மேல் மண் இறங்காமல் இருக்க உரப்பையை வெட்டி விரிக்கலாம் (வெறும் யூரியாப் பை நல்லாய்க் காணும்). மேலே செம்மண்ணை அரை அடி மேடாக்கு, மாரி மழை வழிந்து ஓட வேணும். ஒரு வாய்க்காலுக்கு ஆறு மாதம் தண்ணீர் விட்டு மற்றதை ஆறவிட வேணும், இல்லாவிட்டால் மண் வழுக்கல் பிடித்து வடியாது. எங்கள் வளவில் கல் 5 அடியில்தான் தொடங்குகிறது. அதனால் வாய்க்காலுக்குக் கீழே 3 அடி மண் இருக்கும், பாசிக் கோட்டுக்கு 5 அடி இருக்கும்.

இரண்டு வாய்க்காலுக்கும் நடுவே கதலி வாழை, 5 அடிக்கு ஒன்று. வாழை நைதரசனுக்குப் பேராசைக்காரன். எல்லாவற்றையும் எடுத்துவிடும் என்று சொல்லமாட்டேன், ஆனால் கல்வெடிப்பு ஒன்றையும் எடுக்காது. குலை வெட்டினபின் தண்டை அங்கேயே உக்கவிட்டால் எடுத்ததைத் திரும்ப மண்ணுக்கே கொடுத்துவிடும். வெட்டி ஆட்டுக்குப் போடு, மிச்சத்தைத் தூரத்துத் தென்னையடிக்குக் கொண்டுபோ.

இனித்தான் உனக்குக் கசக்கிற இடம். எங்கள் கிணறு, மாமியின் கிணறு, கிழக்கு வீட்டாரின் கிணறு மூன்றுக்கும் 50 அடிக்கு மேல் விட்டு இந்த வாய்க்கால் கிடக்க இந்த வளவில் ஒரேயொரு இடம்தான் உண்டு. படலையடியில், தெருவோரம், கிழக்குப் பாதி. அளந்துவிட்டேன்: எங்கள் கிணற்றுக்கு 58, கிழக்கு வீட்டாருக்கு 57, மாமிக்கு 80. தெருவுக்கு அந்தப் பக்கம் பனங்காணி. உன் படத்தில் அந்த இடத்தில்தான் இன்ரலொக் கல் பதித்து இரண்டு வான் நிறுத்துகிற முற்றம் இருக்கிறது. நீ வருசத்துக்கு மூன்று கிழமை நிற்பாய். வான் தெருவில் நிற்கட்டும். வீட்டு முகப்பில் வாழைத்தோட்டமா என்று உன் மாமியார் கேட்பா, கலியாண வீட்டு வாசலில் கட்டுகிற மரம்தானே என்று சொல்லு.

கல் பதிக்காமல் விட்டால் வேறொரு லாபமும் உண்டு, மழை நிலத்துக்குள் இறங்கும். குடாநாட்டுக்கு வற்றாத ஆறு இல்லை, வழுக்கியாறும் மாரிக்குத்தான். கிணற்றில் இருக்கிறது எல்லாம் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிறது நிலத்தில் இறங்கினதுதான். அது கடல்நீருக்கு மேல் மிதந்துகொண்டு நிற்கிறது: கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும், மேலே ஒரு அடி இறங்கினால் காலப்போக்கில் கீழிருந்து 40 அடி உப்பு ஏறும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புமாக நிற்பது இதனால்தான். ஆகவே குழாய்க்கிணற்றையும் படத்திலிருந்து அழித்துவிடு. ஆழம் போகப் போக நல்ல தண்ணீர் என்பது எங்கள் ஊருக்குப் பொருந்தாது. கிணற்றுக்கு அரைக் குதிரைவலு மோட்டர் போதும், 1,000 லீற்றர்த் தாங்கியை ஆறுதலாக நிரப்பட்டும்.

கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் பிடிக்கிற பீலி போடு. 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு அங்குலம் மழை பெய்தால் 2,300 லீற்றருக்கு மேல் வரும். முதல் மழையில் தூசும் காக்கை எச்சமும் இருக்கும், 200 லீற்றர்ப் பீப்பா ஒன்றுக்குள் அதைப் பிடித்து மரத்துக்கு விடு. மிச்சத்தைக் கல்லும் மணலும் போட்ட தொட்டியால் வடித்து நிலத்துக்குள் விடலாம். வாழை வாய்க்கால் பக்கம் மட்டும் விட்டுவிடாதே.

உன்னுடைய சுவரொட்டியில் ஒரு திருத்தம். ‘10க்கு மேல் ஆபத்து’ என்று போட்டிருக்கிறாய், அது நைதரசனாக அளக்கிற கணக்கு, ஆனால் நைத்திரேற்று என்று எழுதியிருக்கிறாய். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு நைத்திரேற்றாக லீற்றருக்கு 50 மில்லிகிராம், நைதரசனாகச் சொன்னால் அதுவே 11 அளவில் வரும். நைதரசன் எண்ணை 4.43 ஆல் பெருக்கு, நைத்திரேற்று எண் வரும். அறிக்கை எந்தக் கணக்கில் இருக்கிறது என்று பார்க்காமல் ஊரைப் பயப்படுத்தக்கூடாது. கொதிக்கவைத்தால் போய்விடும்தானே என்று கூட்டத்தில் யாரோ கேட்டதற்கு நீ தலையாட்டினாய், அதுவும் பிழை. தண்ணீர் ஆவியாக நைத்திரேற்றுச் செறிவு கூடும். பச்சைக் குழந்தைக்குப் பால்மா கரைக்கிற வீட்டில் இது விளையாட்டல்ல.

சுன்னாகத்துக் கிணறுகளில் மின்நிலையத்துக் கழிவெண்ணெய் வந்தபோது நீ பதாகை பிடித்தாய். அது நியாயம், 2019இல் உயர் நீதிமன்றமே நட்டஈடு கொடுக்கச் சொன்னது. ஆனால் எண்ணெய் மினுங்கும், மணக்கும், ஊற்றினவர் ஆரென்று விரல் நீட்டலாம். நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. விரல் நீட்டப் போனால் ஒவ்வொரு வீட்டின் பின்வளவையும் காட்ட வேணும். 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கத் தொடங்கியாயிற்று, மின்சாரம் குடிக்கிற வேலை அது. காலடியில் இருக்கிற தண்ணீரைக் குழிக்குக் கொடுத்துவிட்டுக் கடலைப் போய்க் கடைகிறோம்.

சூழலைப் பற்றிப் பேசுகிற நீ ஏறிவருகிற விமானத்தின் புகையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீ வராவிட்டால் அம்மா என்னோடு பேசமாட்டா.

அவசரம் என்னவென்றால் இது அத்திவாரத்தோடு சம்பந்தப்பட்டது. கக்கூஸ் பின்பக்கம், வாழை முன்பக்கம். நடுவே 50 அடி பைப்புக்கு 60 அடிக்கு ஒரு அடி சரிவு என்றால் 10 அங்குலம் இறங்கும், தாங்கியில் இன்னும் 3. பைப் வீட்டைவிட்டு வெளியே வரும்போது வளவு நிலத்துக்குக் கீழே 4 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. வீட்டுத் தரையை 2 அடி உயர்த்தச் சொல்லியிருக்கிறபடியால் சரிவரும், ஆனால் அத்திவாரச் சுவரில் ஓட்டை இப்போதே விட வேணும். பிறகு உடைத்தால் சுவர் பலம் கெடும், மேசனும் ‘வேறு வழியில்லை ஐயா, பின்னாலேயே குழியை வெட்டுவோம்’ என்பார்.

சனிக்கிழமைக்குள் பதில் போடு. கொங்கிறீட் வளையம் ஐந்துக்கு அவர் ஏற்கெனவே சொல்லிவைத்துவிட்டார். வேண்டாமென்றால் லொறியில் ஏற்ற முன்னம் நான் போய்ச் சொல்ல வேணும்.

அன்புடன்,
அப்பா