கிங்ஸ் கிராஸ் – எடின்பரோ தடத்தின் கணக்கு

அன்புள்ள செல்வராஜ்,

கடிதம் கிடைத்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்பதில் மகிழ்ச்சி. லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து எடின்பரோ போகும் ரயில் தடத்தை எடுத்த கம்பெனிகள் எல்லாம் ஏன் ஒன்றன்பின் ஒன்றாகக் கைகழுவின, அவ்வளவு மோசமான தடமா என்று கேட்டிருந்தாய். தடத்தில் ஒரு குறையும் இல்லை. 632 கிலோமீட்டர், நேரான, வேகமான பாதை, 1991லேயே எடின்பரோ வரை மின்மயம். பிரிட்டனில் காசு கொட்டும் தடங்களில் அதுவும் ஒன்று. வினையே அங்கேதான்.

1993 சட்டம் பிரிட்டிஷ் ரயிலைத் துண்டுதுண்டாக்கியது உனக்குத் தெரியும். தண்டவாளமும் சிக்னலும் ரெயில்டிராக் என்ற கம்பெனிக்கு. இன்ஜினும் பெட்டியும் மூன்று குத்தகைக் கம்பெனிகளுக்கு. பயணிகள் சேவை மட்டும் 25 பிரான்சைஸாக, அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு ரயில் ஓட்டும் உரிமையாக, ஏலத்துக்கு. ஏலம் எடுத்தவனுக்குச் சொந்தம் என்று பார்த்தால் பெயரும் பெயிண்டும்தான். கம்பெனி மாறினாலும் டிரைவர், கார்டு, பெட்டி எல்லாம் அப்படியே புதியவன் கைக்குப் போகும். தண்டவாள வாடகை, பெட்டிக் குத்தகை, சம்பளம் மூன்றையும் நினைத்த நேரத்தில் குறைக்க முடியாது. லாபமோ நூற்றுக்கு இரண்டு மூன்று. டிக்கெட் வருமானம் ஐந்து சதவீதம் சரிந்தால் லாபம் போய், கைக்காசும் கரைய ஆரம்பிக்கும்.

இந்தத் தடத்துக்கு முதலில் வந்தது ஜி.என்.இ.ஆர். என்ற கம்பெனி, 1996 ஏப்ரலில். தாய் நிறுவனம் சீ கன்டெய்னர்ஸ். கருநீலத்தில் சிவப்புக் கோடு போட்ட அந்தப் பெட்டிகளுக்கு இன்றைக்கும் ரசிகர்கள் உண்டு. 2000 அக்டோபர் 17 அன்று ஹாட்ஃபீல்டில் அதன் ரயில் தடம்புரண்டு நால்வர் இறந்தார்கள். சக்கர விளிம்பு உரசும் தண்டவாளத்தின் உள்மூலையில் நுண்விரிசல்கள் விழுந்து ஆழமாகிப்போய், ரயில் ஏறியதும் தண்டவாளம் 300க்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியது. விரிசல் இருப்பது முன்பே தெரியும், மாற்றுத் தண்டவாளமும் தயார், பொருத்தத்தான் இல்லை. அதன்பின் நாடு முழுக்க வேகக் கட்டுப்பாடு. அடுத்த ஆண்டு ரெயில்டிராக்கே திவால் நிர்வாகத்துக்குப் போனது. அதையும் தாங்கி நின்றது ஜி.என்.இ.ஆர். அதைக் கவிழ்த்தது 2005இல் அதுவே போட்ட கையெழுத்து.

அந்த ஆண்டு மறு ஏலத்தில் பத்து ஆண்டுகளில் அரசுக்கு 130 கோடி பவுண்டு பிரீமியம், அதாவது தடத்தை ஓட்டும் உரிமைக்கான தொகை, கட்டுவதாக ஒப்புக்கொண்டது. ஜூலையில் லண்டன் குண்டுவெடிப்பு, பயணிகள் குறைந்தார்கள். மின்கட்டணம் ஏறியது. சண்டர்லேண்டிலிருந்து கிராண்ட் சென்ட்ரல் என்ற கம்பெனி பிரான்சைஸ் இல்லாமலே ரயில் விட அனுமதி வாங்கியது. பிரீமியம் கட்டாத ஒருவன் என் தடத்தில் ஓடுவதா என்று ஜி.என்.இ.ஆர். நீதிமன்றம் போய்த் தோற்றது. 2006 அக்டோபரில் தாய் நிறுவனம் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கோர, டிசம்பரில் பிரான்சைஸ் பறிபோனது.

அந்தப் பாடத்தை யாராவது படித்தார்களா? அடுத்து வந்த நேஷனல் எக்ஸ்பிரஸ் ஏழு வருடம் நாலு மாதத்துக்கு 140 கோடி என்றது. ஆண்டுக்கு 13 கோடியே தாங்காத தடத்துக்குச் சராசரி 19 கோடி! அதுவும் தவணை ஆண்டுக்கு ஆண்டு ஏறும்படி. 2007 டிசம்பரில் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே பொருளாதாரம் சரிந்தது.

இங்கே ஒரு நுணுக்கம். அக்கால ஒப்பந்தங்களில் வருவாய்க் காப்பு ஒன்று இருந்தது. வருமானம் கணித்ததில் 98 சதவீதத்துக்குக் கீழே போனால் குறைவில் பாதியை அரசு ஏற்கும். 96க்கும் கீழே போனால் 80 சதவீதம். 100 எதிர்பார்த்து 90 வந்தால், அரசு தருவது 5.8, கம்பெனி தலையில் 4.2. ஆனால் முதல் நான்கு ஆண்டுகளுக்குப் பொதுவாக இந்தக் குடை கிடையாது. நேஷனல் எக்ஸ்பிரஸ் நனைந்தது இரண்டாம் ஆண்டில். இருக்கை முன்பதிவுக்கு 2.50 பவுண்டு வசூலித்துப் பார்த்தது, திட்டுதான் மிச்சம். ஒப்பந்தத்தைத் திருத்தப் போக்குவரத்து அமைச்சர் அடோனிஸ் மறுத்துவிட்டார். 2009 நவம்பரில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அதன்பின் ஐந்து வருடத்துக்கு மேல் அரசு நிறுவனமே நடத்தி, கஜானாவுக்குச் சுமார் 100 கோடி கட்டியது. அதே பெட்டி, அதே ஆட்கள். பார்த்தால் இதுவும் ஆண்டுக்கு 19 கோடியை ஒட்டித்தான் வருகிறது. 'நேஷனல் எக்ஸ்பிரஸ் முட்டாள்' என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. வந்ததைக் கட்டுவது வேறு, வரப்போவதைச் சொல்லி மாட்டிக்கொள்வது வேறு.

2015 மார்ச்சில் மறுபடி தனியார். பெயர்ப்பலகை விர்ஜின், ஆனால் 90 சதவீதப் பங்கு ஸ்டேஜ்கோச்சுடையது. எட்டு ஆண்டுக்கு 330 கோடி, அதாவது ஆண்டுக்கு 41 கோடி! புது ரயில்கள் வரும், பாதை மேம்படும், கூடுதல் சேவை விடலாம் என்று வைத்த கணக்கு. நினைத்தபடி வருமானம் வளரவில்லை, பாதை வேலைகளும் பின்தங்கின. 2018 ஜூன் 24 முதல் எல்.என்.இ.ஆர். என்ற பெயரில் மீண்டும் அரசு. அசுமா என்ற அந்தப் புது ரயில்கள் 2019 மேயில் ஓடத் தொடங்கியபோது பயன் அரசு நிறுவனத்துக்கு.

அதிகம் சொல்பவனுக்கே தருவது என்றால், எல்லாரையும்விட அதிகமாகக் கனவு காண்பவனுக்குத்தானே போகும்? கணக்குச் சரியாகப் போட்டவன் ஏலத்திலேயே தோற்றிருப்பான்.

கோவிட் வந்ததும் 2020இல் பிரான்சைஸ் முறையே முடிந்தது. 2024 சட்டத்தின்படி மற்ற தடங்களும் ஒவ்வொன்றாக அரசிடம் திரும்புகின்றன. 2025 மே 25 அன்று சவுத் வெஸ்டர்ன் என்ற ரயில் கம்பெனி அரசுடைமையான முதல் நாள் முதல் ரயில், வோக்கிங்கிலிருந்து லண்டனுக்குக் காலை 5.36 வண்டி. பாதை வேலை காரணமாகச் சர்பிட்டனில் நின்று, மிச்சத்துக்குப் பஸ் விட்டார்கள்!

உன்னிடம் ஒரு வேலை. 2020இல் இந்திய ரயில்வே 109 தடங்களில் 151 தனியார் ரயில்களுக்கு அறிவித்த டெண்டர் ஆவணம் வைத்திருந்தாய் அல்லவா? அதில் ஏலம் கேட்டது நிலையான தொகையை அல்ல, மொத்த வருவாயில் பங்கை. வருமானம் குறைந்தால் கட்டுவதும் குறையும். ஆனால் தண்டவாளத்தைப் பயன்படுத்த ரயில்வேக்குக் கட்டும் இழுவைக் கட்டணம் நிலையானது. அந்தப் பக்கங்களை மட்டும் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
முருகேசன்