தண்ணீர் குடிக்கச் சொல்லும் நகராட்சிக்கு ஒரு கூழ் வண்டிக்காரியின் மடல்

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களுக்கும் வணக்கம்.

தினசரி மார்க்கெட்டில் பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடப்பது உங்களுக்குத் தெரியும். மனு கொடுத்திருக்கிறோம், கவுன்சிலரிடம் சொல்லியிருக்கிறோம், சுகாதார ஆய்வாளரும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் காயில் எரிந்ததும், கழிப்பறையை நடத்த ஏலம் எடுத்தவர் பாதியில் விட்டுப் போனதும் ஊருக்கே தெரிந்த கதை. அதை மறுபடி சொல்லப் போவதில்லை. போன வாரம் அந்தக் கழிப்பறையின் இரும்புக் கதவில் உங்கள் ஆட்கள் ஒரு பேனர் கட்டிவிட்டுப் போனார்கள். எழுத வைத்தது அதுதான்.

கோடை வெப்பத்திலிருந்து காத்துக்கொள்வது எப்படி என்று போட்டிருக்கிறது. தாகம் எடுக்காவிட்டாலும் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டுமாம். மோர், இளநீர், எலுமிச்சைச் சாறு, கஞ்சி, ஓ.ஆர்.எஸ். கரைசல் பருக வேண்டுமாம். பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே வரக்கூடாதாம். பளிச்சென்று நல்ல அச்சு. கயிற்றை மட்டும் பூட்டைச் சுற்றியே இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள்.

எழுதியிருப்பதில் ஒரு வரிகூடத் தப்பில்லை அய்யா. கூழ் விற்றுப் பிழைக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா? கேழ்வரகு மாவை ராத்திரியே கரைத்துப் புளிக்கவிட்டு, நொய் போட்டுக் காய்ச்சி, மறுநாள் உப்பும் மோரும் விட்டுக் கரைத்துக் கொடுக்கிறேன். கூடவே மோர் மிளகாய், மாங்காய்க் கீற்று, சின்ன வெங்காயம். வியர்வையில் தண்ணீரோடு உப்பும்தான் போகிறது. அதனால்தான் நம் பெரியவர்கள் வெயில் வேலைக்குப் போகுமுன் பழைய சோற்று நீராகாரத்தில் உப்பு போட்டுக் குடித்தார்கள். மண்பானை கசிந்து குளிர்வது மாதிரிதான் உடம்பும் வியர்த்துக் குளிர்கிறது. உள்ளே தண்ணீர் இருந்தால்தானே கசியும்?

ஆனால் காலை பத்து மணிக்கு மேல் என் வண்டியில் சொம்பு நிறைய வாங்கிக் குடிப்பவர்கள் எல்லாம் ஆம்பளைகள். லோடு இறக்குகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், கறிக்கடைப் பையன்கள். எதிர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் பார்ப்பார்கள். நான் டம்ளரை நீட்டினால் வேண்டாம் என்று தலையாட்டுவார்கள். காசு வேண்டாம் என்றாலும் வாங்க மாட்டார்கள்.

என் வண்டிக்கு நேரெதிரே கீரை விற்கும் அக்காவைச் சொல்கிறேன். விடியற்காலை மூணு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, லாரி வரும் நேரத்துக்கு இங்கே வந்துவிடுவார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீர் இருக்கும். அரை மணிக்கு ஒரு தரம் அதிலிருந்து கையால் அள்ளி அரைக்கீரை மேலும் சிறுகீரை மேலும் தெளிப்பார், கோணியை நனைத்து மூடுவார். கீரை வாடக்கூடாது. தனக்குத் தாகம் தாங்காவிட்டால் ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்து ஓரமாகத் துப்பிவிடுவார். விழுங்க மாட்டார். விழுங்கினால் போக இடம் கிடையாது. ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக் கட்டணக் கழிப்பறைக்குப் போகலாம், ஒரு தரத்துக்குப் பத்து ரூபாய். வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் ஆள் ஏற இறங்கப் பார்ப்பார். வரிசையில் நின்று திரும்பி வருவதற்குள் மாடு கீரையில் வாய் வைத்திருக்கும். ஒரு நாள் லாபமே அந்த ஒரு வாய்தான்.

அந்த அக்காதான் போன வாரம் உட்கார்ந்தபடியே சரிந்து விழுந்தார். தூக்கி ஆட்டோவில் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மணி மதியம் ஒன்று. டிரிப் ஏற்றிக்கொண்டே டாக்டரம்மா கேட்டார், “கடைசியா எப்பம்மா யூரின் போனீங்க?” அக்கா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “காலைல வூட்ல” என்றார். “தண்ணியே குடிக்க மாட்டீங்களா?” என்று டாக்டரம்மா கோபித்துக்கொண்டார். அடக்கி அடக்கி வைத்தால் நீர்க்கடுப்பும் கிருமித் தொற்றும் வரும், தண்ணீர் குறைந்தால் கல் சேரும், இந்த வெயிலில் உடம்புச் சூடு 40 டிகிரிக்கு மேல் ஏறினால் மூளையே தடுமாறி உயிருக்கு ஆபத்து என்று விளக்கமாகச் சொன்னார். அக்கா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். மறுநாள் வந்து அதே இடத்தில் உட்கார்ந்து கீரைக்குத் தண்ணீர் தெளித்தார்.

அதனால் கேட்கிறோம், அந்தக் கழிப்பறையைத் திறந்து விடுங்கள்.

பேனர் கட்ட வந்தவர்கள் எங்களுக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் கொடுத்தார்கள். நன்றி. ஆனால் அந்தப் பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். கால் டம்ளரில் கரைத்தால் உப்பு கூடிப்போய் உடம்புக்கு ஆகாது. ஒரு லிட்டரைக் குடித்துவிட்டு நாங்கள் எங்கே போவது என்று கொடுத்தவர்களுக்குத் தோன்றவில்லை. பாக்கெட்டெல்லாம் கோணிக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. திறந்த பிறகு கரைத்துக்கொள்கிறோம்.

மார்க்கெட் முனையில் தண்ணீர்ப் பந்தலுக்கும் குறைவில்லை. கட்சிக்கு ஒன்று. திறப்பு விழா அன்று நீர்மோர், தர்பூசணி, வெள்ளரிப்பிஞ்சு, நுங்கு, ரோஸ்மில்க் என்று அமர்க்களப்படும். நாலாம் நாள் பானை காய்ந்து கிடக்கும், தலைவர் படம் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கும். கழிப்பறைத் திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்ட யாரும் வருவதில்லை. போட்டோ நன்றாக வராதோ என்னவோ. வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. அதில் செத்துப்போனால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். மனசார வரவேற்கிறோம். ஆனால் அந்தப் பணத்தில் எத்தனை மோட்டாருக்குக் காயில் கட்டலாம் என்று உயிரோடு இருக்கும்போதே கணக்குப் போடத் தோன்றுகிறது. 2021-இல் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம். எங்களுக்கு உட்காருவதில் குறையில்லை, காலையிலிருந்து அதைத்தான் செய்கிறோம். எழுந்து போகத்தான் வழியில்லை.

தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறதாம். அதன்படி ஊருக்கு ஒரு விற்பனைக் குழு, அதில் வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எங்கள் ஊரில் அந்தக் குழு எப்போது கூடியது என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. உட்காரும் இடத்துக்கு அடிக்காசு வாங்க மட்டும் ஒரு நாள் தவறாமல் ஆள் வருகிறது. நகர்மன்றத்தில் பாதி இடம் பெண்களுக்கு. அந்த அம்மாக்களில் ஒருவராவது விடியற்காலையிலிருந்து மதியம்வரை எங்களோடு சாக்கு விரித்து உட்கார்ந்து பார்க்கட்டும். மாதவிலக்கு நாளாகவும் இருந்தால் இன்னும் நன்றாகப் புரியும்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். நாங்கள் கேட்பது பெரிய செலவில்லை. பெண்கள் கழிப்பறையைத் திறந்து விடுங்கள். காலை நாலு மணியிலிருந்து இரவு எட்டு மணிவரை திறந்திருக்கட்டும், நாங்கள் வருவது அலுவலக நேரத்தில் அல்ல. உள்ளே தாழ்ப்பாளும் ஒரு பல்பும், நாப்கின் போட மூடி வைத்த தொட்டியும் வேண்டும். காசு வாங்குவதாக இருந்தால் வாசலில் ஒரு பெண்ணை உட்கார வையுங்கள்.

கத்திரி வெயில் மே முதல் வாரம் தொடங்குகிறது. எங்கள் வேலூர்ப் பக்கம் வெயில் அப்போது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மறு ஏலம் முடிய மாதங்கள் ஆகும் என்றால் அதுவரை சாவியை எங்களிடம் கொடுங்கள். காயில் கட்டும்வரை வாரத்துக்கு இரண்டு லாரித் தண்ணீர் மட்டும் தொட்டியில் ஊற்றச் சொல்லுங்கள். கழுவுகிற வேலையை முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம், பினாயிலும் விளக்குமாறும் எங்கள் செலவு. கீரைக்கார அக்கா முதல் வாரம் தன்னுடையது என்று இப்போதே சொல்லிவிட்டார். சாவி வாங்க எந்த மேஜைக்கு வரவேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள், நாளைக்கே வருகிறோம்.

இப்படிக்கு,
தினசரி மார்க்கெட் பெண் வியாபாரிகள் சார்பில்,
கூழ் வண்டிக்காரி